அங்காடியும் விருந்தினரும்

பிற நாடு செல்வோர் அந்நாட்டின் பெருமையை அறிதற்கு முதற்கண் நாடுவன கோயில்களும், கோட்டைகளும், அரண்மனைகளுமே. அவை காணத்தக்கனவே, அதனை யாம் மறுத்திலேம். ஆயினும் ஒரு நாட்டு மக்களின் முன்னோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அவை கூறுமேயன்றி, இன்றுள்ளோர் எவ்வாறு உண்டு உடுத்து வாழ்கின்றனர் என்பதைக் கூறமாட்டா. அதனைக் கூறவல்லது அங்காடி. காலையில் ஒருவர் கூடையில் விழுவது யாது, பேரம் பேசுவரோ பேசாரோ, பழையதைப் புதியதென்று விற்பரோ விலக்குவரோ என்பவற்றை அங்காடியில் ஒரு நாழிகை நின்று நோக்கினால், பல நூல்களிலும் பெறலாகாத அறிவைப் பெறலாம். ஆனால் இவ்வாறு நோக்கச் செல்லும் நம்மால் அவ்வங்காடிக்கு விளைவது நன்மையோ தீமையோ என்னும் வினா ஒன்றுண்டு. அவ்வினாவே இக்கட்டுரைக்குப் பொருள்.

சென்ற கோடை விடுமுறையில், ஜப்பான் நாட்டில் பணி புரியும் எம் சிறிய தந்தையாரின் துணையால், கியோட்டோ நகரத்து நிஷிகி அங்காடியைக் காணும் பேறு பெற்றோம். கியோட்டோ ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டுப் பேரரசரின் தலைநகராய் விளங்கிய பதி. அதன் நடுவே, பெருந்தெருவாகிய ஷிஜோவுக்கு ஒரு தெரு வடக்கே, கிழக்கு மேற்காக ஓடுகின்றது இவ்வங்காடி. நீளம் ஏறத்தாழ 390 மீட்டர்; அகலமோ இடத்திற்கேற்ப மூன்று மீட்டர் முதல் ஐந்து மீட்டர் வரையே. இச்சிறிய சந்தினுள் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட கடைகள் இருபுறமும் நெருங்கி நிற்கின்றன. மேலே சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகிய வண்ணக் கூரை வேயப்பட்டிருத்தலின், உள்ளே நடப்போர் மீது வெயில் வண்ணமாய் விழுகின்றது. நிஷிகி என்னும் சொல்லுக்குச் சித்திரப் பட்டு என்பது பொருள். அந்நகரத்தார் இதனைக் ‘கியோட்டோவின் அடுக்களை’ என்று அன்புடன் வழங்குகின்றனர். மாலை ஐந்து ஆறு மணிக்கெல்லாம் கடைகள் அடைபடுதலால், நம் பழந்தமிழர் மொழியில் இதனை நாளங்காடி என்றே கூறலாம்.

இவ்வங்காடி இங்குத் தோன்றியதற்குக் காரணம் நிலத்தடி நீர். இவ்விடத்தில் தோண்டிய கிணறுகளின் நீர் ஆண்டு முழுவதும் குளிர்ந்திருக்கும். பனிப்பெட்டி அறியாத பழங்காலத்தில், மீனையும் பறவை இறைச்சியையும் கெடாது காத்தற்கு அந்நீரே துணையாயிற்று. 1615ஆம் ஆண்டில் ஷோகுன் அரசு இங்கு மீன் மொத்த வியாபாரம் செய்தற்கு உரிமை வழங்கிற்று. இன்றும் தெருவின் கிழக்குக் கோடியிலுள்ள நிஷிகி தென்மாங்கு கோயிலில் அந்நீர் ஊற்றாய் ஓடுகின்றது. ஊரார் கலங்களில் முகந்து செல்கின்றனர்.

கடைகளின் பண்டங்களை நோக்குவார்க்கு அந்நகரத்தின் நில அமைப்பும் விளங்கும். கியோட்டோ கடலுக்குத் தொலைவில் மலை சூழ்ந்த ஊர். ஆதலின் பழங்காலத்தில் பச்சை மீன் அங்கு அரிதாயிருந்தது. வடக்கே வக்காசாக் கடற்கரையிலிருந்து கானாங்கெளுத்தி மீனை உப்பிட்டு மலைவழியாகத் தோளிற் சுமந்து கொணர்ந்தனர். அவ்வழி இன்றும் அம்மீனின் பெயராலேயே வழங்குகின்றது. வந்து சேருங்கால் அவ்வுப்பு ஊறிப் பதமாயிருக்குமாதலின், அதனைப் புளித்த சோற்றின் மீது வைத்துக் கட்டும் சூஷி அவ்வூரின் சிறப்புணவாயிற்று. ஹமோ என்னும் விலாங்கு இன மீன் மட்டும் கடல்நீர் நீங்கியும் நெடும்பொழுது உயிர் தரிக்கும் வன்மையுடையது. ஆகவே கோடையிலும் உயிருடன் வந்து சேர்ந்தது. ஜூலைத் திங்களில் நிகழும் கியோன் திருவிழாவில் வீடுதோறும் அம்மீனையே சமைப்பர். வடகோடித் தீவாகிய ஹொக்கைடோவிலிருந்து மரக்கலங்களில் வந்த கொம்பு என்னும் கடற்பாசியே அவர்தம் சாறுகளுக்கெல்லாம் அடிப்படை. இவ்வாறு, கடல் அருகில் இன்மை என்னும் குறையே, உப்பிடுதல், உலர்த்துதல், ஊறவைத்தல் ஆகிய கலைகளை அவ்வூரார்க்குக் கற்பித்தது என்க.

காய்கறிக் கடைகளின் அழகோ சொல்லுந்தரமன்று. யாம் சென்றது இளவேனிலின் இறுதியாதலின் மூங்கிற் குருத்துகள் மண் உலராமலே குவிந்து கிடந்தன. கோடை முதிருங்கால் உருண்டை வடிவான கமோக் கத்தரியும், இலையுதிர் காலத்தில் மட்சுடாக்கே என்னும் காளானும், குளிர்காலத்தில் ஷோகொயின் என்னும் பெருங்கிழங்கும் வருமென்று அறிந்தோம். அக்கிழங்கை மெல்லிய தாள் போலச் சீவிக் கொம்புடன் ஊறவைப்பது ‘ஆயிரந் தகடு ஊறுகாய்’ என்னும் பொருளுடைய பெயர் பெறும். ஊறுகாய்க் கடைகளில் மரத்தொட்டிகள் வரிசையாய் நிற்கின்றன. அவற்றில் அரிசித் தவிட்டினுள் வெள்ளரியும் முள்ளங்கியும் கத்தரியும் புதைந்து கிடக்கின்றன. மற்றொருபால், சோயாப் பாலைக் காய்ச்சுங்கால் மேலே படியும் ஆடையை எடுத்துச் செய்யும் யூபா. கோதுமைப் பசையினின்று செய்யும் ஃபு. இவையிரண்டும் புலால் உண்ணாத் துறவியர் மடங்களில் வளர்ந்த உணவுகள். முட்டையைக் கொம்புச் சாற்றுடன் கலந்து செப்புத் தட்டில் மெல்லிதாக ஊற்றி, சுருட்டிச் சுருட்டித் தடித்த பாளமாக்கும் தொழிலாளியின் கைவிரைவை நெடும்பொழுது நின்று கண்டோம். 1560ஆம் ஆண்டில் வாள் வடிக்கும் கொல்லரால் தொடங்கப்பெற்ற அரிட்சுகு என்னும் கடை இன்று அடுக்களைக் கத்திகளை விற்கின்றது. வாங்குவோர் விரும்பின், கத்தியின் அலகில் அவர் பெயரை உளியாற் பொறித்துத் தருகின்றனர்.

நிற்க. இத்தகைய அங்காடியில் எமக்கு நேர்ந்த இரண்டு நிகழ்ச்சிகளைக் கூறுதல் வேண்டும்.

முதலாவது, எமக்கு நாணம் விளைத்தது. சிறிய சிப்பிமீன் ஒன்றைப் போலச் சிவந்து, குச்சியிற் கோக்கப்பெற்று, இனிப்பும் உப்புமாய் வெந்த சிறு கணவாயினப் பண்டம் ஒன்று அங்கு விற்கப்படுகின்றது. எட்டுக் காலுடைய அவ்வுயிரின் தலையினுள் காடை முட்டை ஒன்றை வைத்திருப்பர். அதனை ஆவலுடன் வாங்கி, தின்றுகொண்டே நடந்தோம். நாலைந்து அடி செல்வதற்குள் கடையிலிருந்த மூதாட்டியார் விரைந்து வந்து, எம் முன் தலைவணங்கி, கடைவாயிலின் ஒரு மூலையைச் சுட்டி, அங்கு நின்று உண்ணுமாறு கையாற் குறித்தார். சினமில்லை, சொல்லில் கடுமையில்லை. நிமிர்ந்து பார்த்தால், ‘நடந்துகொண்டு உண்ணற்க’ என்று பல மொழிகளில் எழுதிய பலகை எம் தலைக்கு மேலேயே தொங்கிற்று. யாம் அதனைப் படம் பிடித்தோமேயன்றிப் படித்திலேம்!

அம்மூலையில் ஒதுங்கி நின்றபோதுதான் அதுவரை காணாத ஒன்றைக் கண்டோம். நரைமுடியினரான ஓரம்மையார், துணிமூட்டை ஒன்றைக் கையிற் பற்றி, எதிர்க்கடைக்குச் செல்ல முயன்று கொண்டிருந்தார். அது உலர்ந்த மீனும் கடற்பாசியும் விற்குங் கடை. எம் போன்ற பிரயாணிகள் தெருவை அடைத்துக்கொண்டு, குச்சிகளை ஏந்தியும் படங்கள் எடுத்தும் நின்றனர். அவர் இருமுறை அடி பெயர்த்தார். இருமுறையும் வழி கிடைத்திலது. பின்னர் மெல்லத் திரும்பித் தாம் வந்த வழியே போய்விட்டார். அவர் வாங்க எண்ணியது என்னவென்று யாம் அறியோம். ஆனால் அவ்வடுக்களைக்கு உரியவர் அவரே. அவர் திரும்பிச் செல்ல, உரிமையில்லாத யாம் உள்ளே நின்றோம் என்பது மட்டும் நெஞ்சில் தைத்தது.

இரண்டாவது நிகழ்ச்சி ஊறுகாய்க் கடையில் நேர்ந்தது. தவிட்டில் ஊறிய வெள்ளரி இரண்டினை வீட்டிற்குக் கொண்டுசெல்ல விரும்பி எடுத்துக் கொடுத்தோம். கடைக்காரர், எப்பொழுது உண்பீர் என்று சிறிய தந்தையார் வாயிலாக வினவினார். இன்னும் நான்கு நாட் கழித்து இந்தியா சென்று உண்போம் என்றோம். அவர் வெள்ளரிகளை எம் கையினின்றும் வாங்கி மீண்டும் தவிட்டினுட் புதைத்துவிட்டார். அது அத்துணை நாள் சுவை கெடாது நில்லாதாம். சுவை கெட்டதை எம் அன்னையார் உண்டு, நிஷிகியின் ஊறுகாய் இத்தன்மைத்து என்று எண்ணுதல் தமக்கு உடன்பாடன்றாம். மற்றொரு கடையைச் சுட்டி, சான்ஷோ என்னும் நறுமிளகுப் பொடியை வாங்கிச் செல்லுமாறு கூறினார். வந்த வாணிகத்தை வேண்டாவென்று அயலவர்க்கு அனுப்பிய அவ்வணிகரை யாம் மறத்தல் இயலாது.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் ஒருங்கு வைத்து எண்ணுமிடத்து, எம் கருத்து இதுவாயிற்று: அங்காடியை ஆக்குவோர் விற்போர் மட்டும் அல்லர்; வாங்குவோரே அதனைப் பெரும்பாலும் ஆக்குகின்றனர். நாளைச் சமையலுக்கு வாங்குவோர் வரின், கடைக்காரர் கெடாத மீனையும் பருவக் காயையும் அடுக்குவர். நின்ற இடத்தில் தின்று போவோர் மட்டுமே வரின், அவரும் குச்சியிற் கோத்த பண்டங்களையே அடுக்குவர். இதில் அவர்மீது குறை யாது? குச்சியின் மீது விலை இருக்கையில் முழுமீனைக் கிடத்தி ஈ ஓட்டுவார் யார்?

சென்ற சில ஆண்டுகளில் ஜப்பானுக்குச் செல்வோர் தொகை பெருகிய வேகத்தை நோக்கின் இதன் வலி புலப்படும். 2013ஆம் ஆண்டிற்றான் அந்நாட்டிற்கு வரும் அயல்நாட்டார் தொகை முதன்முறையாக ஒரு கோடியைத் தாண்டிற்று. 2024ஆம் ஆண்டிலோ அது மூன்று கோடியே அறுபத்தெட்டு இலட்சமாயிற்று. அவருட் பலர் கியோட்டோவைக் காணாது திரும்புவதில்லை. மூன்று மீட்டர் அகலமுள்ள தெரு அத்துணை மக்களை எவ்வாறு தாங்கும்?

ஈண்டு எம் நண்பர் சிலர் தடை ஒன்று நிகழ்த்துவர். ‘அங்காடி என்றும் ஒருபடித்தாய் இருந்ததன்று. மாறுவது அதன் இயல்பு. பிரயாணிகளின் பொருளால் கடைகள் வாழ்கின்றன; அவர் இலரேல் பல கடைகள் என்றோ மூடப்பட்டிருக்கும். பழமையின் மீதுள்ள பற்றினால் பிறர் பிழைப்பைக் குறை கூறுதல் தகுமோ?’ என்பதே அத்தடை.

இதன்கண் உண்மை உண்டு. நிஷிகியின் வரலாறே மாற்றத்தின் வரலாறு. பதினெட்டாம் நூற்றாண்டில், போட்டியாயெழுந்த மற்றோர் அங்காடியாரின் முயற்சியால் இதனை மூடுதற்கே வழி பிறந்தது. அப்பொழுது இதனைக் காத்தவர் இதோ ஜக்குச்சூ என்னும் ஓவியர். 1716ஆம் ஆண்டில் இதே தெருவில் காய்கறி மொத்த வணிகரின் மகனாய்ப் பிறந்து, நாற்பதாம் வயதில் கடையைத் தம்பியிடம் ஒப்புவித்துத் தூரிகையைக் கைக்கொண்ட அவர், அங்காடிக்கு இடுக்கண் வந்தபோது தூரிகையை விடுத்து, ஊர்ப்பெரியோருள் ஒருவராய் நின்று வழக்காடினார். 1774ஆம் ஆண்டில் அங்காடி மீண்டும் உரிமை பெற்றது. பின்னர் முதுமையில் அவர் தீட்டிய ஓவியம் ஒன்றில், புத்தர் பெருமானின் இறுதிக் கிடக்கையைக் காய்கறிகளாலேயே அமைத்தார். கூடையின் மேல் முள்ளங்கி ஒன்று சாய்ந்து கிடக்க, கத்தரியும் பூசணியும் காளானும் சூழ நின்று இரங்குகின்றன. இன்றும் மாலையிற் கடைகளை அடைக்குங்கால், இறக்கிய கதவுகளின் மீது அவர் வரைந்த சேவல்களும் மலர்களும் காட்சி தருகின்றன. அதன் பின்னர் 1927ஆம் ஆண்டில், அந்நாட்டின் முதலாவது மத்திய மொத்தச் சந்தை கியோட்டோவில் திறக்கப்பெற்றபோது, நிஷிகியின் மொத்த வணிகம் பெரும்பாலும் அங்குச் சென்றது. எஞ்சியோர் சில்லறை வணிகராய் மாறித் தெருவை வாழ்வித்தனர். ஆதலின் மாற்றம் தீது என்று யாம் கூறவில்லை.

ஆயினும் மாற்றம் என்பது இருவகை. 1774இலும் 1927இலும் நிகழ்ந்த மாற்றங்களில் விற்கும் முறை மாறிற்று. விற்கப்பட்ட பொருளும் வாங்கிய மக்களும் மாறவில்லை. ஊரார் அடுப்பிற்குரியது ஊரார்க்கே சென்றது. இன்று நிகழும் மாற்றமோ வாங்குவோரையே மாற்றுகின்றது. வாங்குவோர் மாறினால், பொருளும் மாறி, முடிவில் அங்காடி என்னும் பெயர் மட்டும் நிற்கும். அதுவுமன்றி, பிரயாணிகளின் பொருளையே நம்பி வாழ்தல் உறுதியுடைத்தோ எனின், அன்று. பெருந்தொற்றுக் காலத்தில் நாட்டின் வாயில்கள் அடைபட்டபோது, 2021ஆம் ஆண்டு முழுவதிலும் ஜப்பானுக்குச் சென்ற அயலார் இரண்டரை இலட்சத்திற்கும் குறைவு. 2022ஆம் ஆண்டு அக்டோபர் வரை தனிப் பிரயாணிகளுக்கு வழி திறக்கப்படவில்லை. அத்தகைய நாளில் ஒரு கடையைக் காப்பவர் யாவர்? துணிமூட்டையுடன் வரும் அவ்வூர் அம்மையாரே. அவரை இன்று நெருக்கித் துரத்திவிட்டு, இன்னல் வருங்கால் வருக என்று அழைத்தல் இயலுமோ?

அன்றியும், பிரயாணிகளுக்கும் இதனால் இழப்பே. நாம் அங்குச் செல்வது எதன்பொருட்டு? ஊரார் வாழ்வைக் காண்டற்கு. ஊரார் வாராத அங்காடியில் நாம் காண்பது யாரை? ஒருவரையொருவர் படம் பிடிக்கும் பிரயாணிகளையே. இதற்குக் கடல் கடந்து செல்லவேண்டுவதில்லை.

அங்ஙனமாயின் செல்லாதிருத்தலே நன்றோ எனின், அதுவும் எம் கருத்தன்று. விருந்தினர் வரவை வெறுக்கும் வீடு ஒன்றுமில்லை. ஆனால் விருந்தினர்க்கும் ஒழுக்கம் உண்டு. ஜப்பானியர் ஊர் திரும்புங்கால் சுற்றத்தார்க்குக் கொண்டுசெல்லும் பொருளை ஓமியாகே என்பர். அதனை எழுதும் எழுத்துகளின் பொருள் ‘மண்ணின் விளைவு’ என்பதாம். எங்கோ ஆலையிற் செய்து எவ்வூரிலும் விற்கப்படும் சாவிச் சங்கிலியும் பொம்மையும் அப்பெயர்க்கு உரியன அல்ல. அம்மண்ணில் விளைந்து, அவ்வூர்க் கையாற் பதம் பெற்று, நம் வீட்டு உலையிலும் உண்கலத்திலும் பயன்படுவதே ஓமியாகே. ஒரு பிடி கடற்பாசி, ஒரு பொதி தேயிலை, ஒரு சிமிழ் நறுமிளகு, பெயர் பொறித்த ஒரு கத்தி: இவற்றை வாங்குவோர், ஊரார் வாங்கும் பொருளையே தாமும் வாங்கி, அதனை விற்கும் கடைக்கு உறுதுணையாகின்றனர். அதனைப் பயன்படுத்துமாறு எங்ஙனம் என்று வினவினால், கடைக்காரர் முகம் மலர்ந்து விடையிறுத்தலையும் காணலாம். விலை பேசி இழுத்தல் அங்கு வழக்கமன்று. கூறிய விலையைச் சிறு தட்டில் வைத்து வணங்கிப் பெறுதலே முறை.

எனவே, செல்லும் மாணவ நண்பர்களுக்கு யாம் கூறுவன சிலவே. கூட்டமாய்ச் செல்லற்க, இருவர் மூவராய்ச் செல்க. உண்பதற்கு வாங்கின் வாங்கிய கடையின் முன்னரே ஒதுங்கி நின்று உண்டு, குச்சியை அக்கடையிலேயே தருக. படம் எடுக்குமுன் உரியவரைக் கேட்க. கையில் மூட்டையுடன் ஒருவர் வரக் காணின், அவர் இல்லத்தில் அடுப்பு காத்திருக்கின்றது என்றெண்ணி வழி விடுக. இவை சிறியன, ஆயின் பல இலட்சம் மக்கள் இச்சிறியனவற்றைக் கைக்கொள்ளின் ஒரு தெரு பிழைக்கும்.

இக்கட்டுரையை எழுதும் இந்நாளில், எம் வீட்டு அடுக்களையில் அச்சான்ஷோச் சிமிழ் இருக்கின்றது. எம் அன்னையார் முதலில் ஐயத்துடன் முகர்ந்து நோக்கி, பின்னர் மோர்ச் சோற்றின் மீது சிறிது தூவி உண்டு, நாவில் ஏதோ சிலிர்க்கின்றது என்று நகைத்து, நாள்தோறும் தூவிக்கொள்ளலாயினார். இன்னும் இரு திங்களில் அது தீர்ந்துவிடும். வெள்ளரியை மீண்டும் தவிட்டினுட் புதைத்த அக்கடைக்காரர் அறிவுரை எத்துணைப் பொருத்தமுடையதென்று அவர் அறியார், யாம் அறிவோம். மற்றுமொருமுறை அங்குச் செல்லும் வாய்ப்பு வருமாயின், காலையிற் கடை திறந்தவுடன் சென்று, எதிர்க்கடை வாயிலை மறையாது நின்று, வேண்டுவது வாங்கி விரைந்து அகலுதல் எம் கடன். வழி கிடையாது திரும்பிய அவ்வம்மையார்க்கு யாம் செய்யத்தக்க கைம்மாறு அஃதொன்றே.